ஐந்து வருஷத்தில் எல்லாம் முடிவாகும் என்றார்கள்

இஸ்ரேல்-பாலஸ்தீனம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒருவர் தவறாமல் சொல்வார்: "அது ரெண்டாயிரம் வருஷப் பகை சார், தீரவே தீராது." இன்னொருவர், "இஸ்ரேல் எவ்வளவோ கொடுக்கத் தயாரா இருந்துச்சு, அராஃபத்துதான் வேண்டாம்னுட்டார்" என்பார். மூன்றாவது ஆள் எல்லாம் அமெரிக்கா பண்ணுகிற வேலை என்று ஒரே வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இதில் முதலாவது சுத்தமாகத் தப்பு. மற்ற இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்.

ரெண்டாயிரம் வருஷக் கதையை முதலில் விட்டுவிடுவோம். ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே குடியேற ஆரம்பித்த பிறகு கிளம்பிய நிலத் தகராறு இது. நிலத் தகராறு தீரும். எகிப்தைப் பாருங்கள். 1948, 1956, 1967, 1973 என்று இஸ்ரேலோடு நான்கு போர் போட்ட நாடு. 1978இல் அமெரிக்க அதிபரின் ஓய்வு இல்லமான கேம்ப் டேவிட்டில் எகிப்து அதிபர் சாதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரோடு 13 நாள் அடைந்து கிடந்தார்கள், அடுத்த வருஷம் ஒப்பந்தம் கையெழுத்தானது, 1982 ஏப்ரலுக்குள், 1967 போரில் இஸ்ரேல் பிடித்திருந்த சினாய் ஏறக்குறைய முழுவதும் எகிப்துக்குத் திரும்பிப் போனது. அங்கே யமித் என்று ஒரு இஸ்ரேலியக் குடியேற்ற ஊர் இருந்தது. போகமாட்டோம் என்று கூரை மேல் ஏறி நின்றவர்களை இஸ்ரேல் ராணுவமே இறக்கிக் கொண்டுபோய், ஊரை புல்டோசர் வைத்து இடித்தது. அதைச் செய்தது இடதுசாரி அரசாங்கம் இல்லை, லிக்குட் கட்சியின் பெகின். 1994இல் ஜோர்டானோடும் ஒப்பந்தம் வந்தது. ஆக எதிரியோடு கையெழுத்துப் போட இஸ்ரேலுக்குத் தெரியும், அரபுத் தலைவர்களுக்கும் தெரியும்.

அப்புறம் பாலஸ்தீனர்களோடு மட்டும் ஏன் முடியவில்லை? எகிப்திடம் நாடு இருந்தது, ராணுவம் இருந்தது, இன்னொரு போர் தொடுக்கிற சக்தி இருந்தது. கொடுக்கவும் மறுக்கவும் அதன் கையில் ஏதோ இருந்தது. பாலஸ்தீனத் தரப்பில் பேச வந்தவர் இஸ்ரேலியச் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் கூட்டத்துக்கே வரவேண்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு 1993 ஆஸ்லோ ஒப்பந்தத்தைப் படித்தால்தான் அங்கே என்ன நடந்தது என்பது புரியும் என்று நினைக்கிறேன்.

ஆஸ்லோவுக்கு முன்னால் ஒரு வெளிப்படையான பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருந்தது என்பதே பலருக்கு நினைவில்லை. 1991 அக்டோபரில் மாட்ரிட்டில் தொடங்கி வாஷிங்டனில் தொடர்ந்தது. பாலஸ்தீனக் குழுவின் தலைவர் ஹைதர் அப்தெல் ஷாஃபி, காஸாவைச் சேர்ந்த டாக்டர். அவருடைய பிடிவாதம் ஒன்றே ஒன்று: 1967 போரில் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையிலும் காஸாவிலும் யூதக் குடியேற்றங்கள் கட்டுவதை நிறுத்துங்கள், பிறகு மற்றதைப் பேசலாம். இஸ்ரேல் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அதே சமயத்தில் அவருக்கே தெரியாமல் நார்வேயில் இன்னொரு ரகசியப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. (நார்வே என்றால் நம் ஆட்களுக்கு 2002 இலங்கைப் போர்நிறுத்தமும் எரிக் சோல்ஹைமும்தான் ஞாபகத்துக்கு வரும், அதற்கு ஒன்பது வருஷம் முன்பே அவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார்கள்.) அங்கே உட்கார்ந்தவர்கள் துனிஸில் இருந்த பாலஸ்தீன விடுதலை இயக்கத் (பி.எல்.ஓ.) தலைவர் அராஃபத்தின் ஆட்கள். 1990இல் சதாம் உசேன் பக்கம் சாய்ந்ததால் வளைகுடா நாடுகளின் பணம் நின்றுபோய், அராஃபத் வாழ்க்கையிலேயே மிகப் பலவீனமாக இருந்த நேரம் அது. அவருக்கு எப்படியாவது ஊருக்குள் திரும்பி வரவேண்டும். டாக்டர் கேட்ட நிபந்தனையை ஆஸ்லோவில் கேட்டு வாங்கவில்லை.

1993 செப்டம்பர் 9 தேதியிட்ட இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேலின் லேபர் கட்சிப் பிரதமர் ராபினும் அராஃபத்தும் கைகுலுக்கிய படத்தைவிட இந்த இரண்டு கடிதங்கள்தான் முக்கியம். அராஃபத் ராபினுக்கு எழுதியதில், இஸ்ரேல் என்ற நாடு அமைதியோடும் பாதுகாப்போடும் இருக்கும் உரிமையை ஏற்கிறோம், ஐ.நா. தீர்மானங்கள் 242, 338 (பிடித்த நிலத்துக்குப் பதில் அமைதி என்பது சாரம்) இரண்டையும் ஏற்கிறோம், பயங்கரவாதத்தைக் கைவிடுகிறோம் என்று வரிசையாக உறுதிமொழிகள். ராபின் பதிலுக்கு எழுதியது ஒரு சின்ன பத்தி. உங்கள் உறுதிமொழிகளைக் கணக்கில் கொண்டு, பி.எல்.ஓ.வைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக அங்கீகரித்துப் பேச்சைத் தொடங்க இஸ்ரேல் அரசு முடிவு செய்திருக்கிறது. அவ்வளவுதான். பாலஸ்தீன நாடு என்று எங்கும் இல்லை. நான்கு நாள் கழித்துக் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் ராபின், நாங்கள் மனதில் வைத்திருப்பது நாடு என்பதற்கு ஒரு படி கீழான அமைப்பு என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் அந்தக் கடிதங்களைக் காஸாவில் கொண்டாடியவர்கள் நாடு வரப்போகிறது என்று நினைத்துத்தான் கொண்டாடினார்கள். இரண்டு தரப்பும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு வேறு ஒப்பந்தத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

சரி, கஷ்டமான விஷயங்களை என்ன செய்தார்கள்? ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை, பாதுகாப்பு, இந்த ஐந்தையும் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். ஐந்து வருஷம் இடைக்காலம், அதற்குள் நம்பிக்கை வளரும், வளர்ந்த பிறகு இவற்றைப் பேசலாம் என்பது யோசனை. 1994 மே மாதம் தொடங்கிய கணக்கு 1999 மே மாதம் முடியவேண்டும். கேட்பதற்கு விவேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் பாகப்பிரிவினை வழக்கு பார்த்தவர்களுக்கு இதில் உள்ள ஓட்டை உடனே தெரிந்துவிடும்: வழக்கு முடியும்வரை சொத்து ஒரு பங்காளியின் அனுபவத்தில் இருக்கிறது, கோர்ட் தடை உத்தரவும் போடவில்லை என்றால், அவர் ஏன் வழக்கை முடிக்க அவசரப்படப் போகிறார்? அஸ்திவாரம் தோண்டிக்கொண்டே வாய்தா வாங்குவார்.

அதுதான் நடந்தது. 1995 செப்டம்பரில் இரண்டாவது ஆஸ்லோ ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. சி பகுதி முழுக்க இஸ்ரேலின் கட்டுப்பாட்டில். அது தொடக்கத்தில் மேற்குக் கரையில் 70 சதவீதத்துக்கு மேல், 2000க்குள் சுமார் 60 சதவீதம், இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியான நிலம். பாலஸ்தீன நிர்வாகத்துக்கு வந்த ஏ, பி பகுதிகள் அதற்கு நடுவே தீவுத் தீவாகக் கிடந்தன. படிப்படியாக சி பகுதியும் கைமாறும் என்பது எழுத்தில் இருந்த ஏற்பாடு. இறுதித் தீர்வு வரும்வரை இரு தரப்பும் நிலைமையை மாற்றும் எதையும் செய்யக்கூடாது என்றும் ஒரு பிரிவு இருந்தது. ஆனால் மீறினால் யார் கேட்பது என்று எங்கும் இல்லை. 1993இல் கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல் மேற்குக் கரையில் சுமார் 1,10,000 குடியேறிகள் இருந்தார்கள். 2000இல், அதாவது அமைதி முயற்சி என்று உலகம் கொண்டாடிய அதே ஏழு வருஷத்துக்குள், அது 1,90,000 அளவுக்கு வந்துவிட்டது. இதில் லேபர் அரசு, லிக்குட் அரசு என்று பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு சாதாரணப் பாலஸ்தீன விவசாயிக்கு அமைதி என்பது கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்றால், எதிர்க் குன்றில் ஒரு புதிய வரிசை வீடு, அதற்குப் போக ஒரு தனிச் சாலை, அந்தச் சாலைக்காக இவனுடைய ஊர் வழியில் ஒரு சோதனைச்சாவடி.

இஸ்ரேலியர்களுக்கு அமைதி எப்படித் தெரிந்தது? பஸ் வெடித்ததாகத் தெரிந்தது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. 1994 பிப்ரவரியில் ஹெப்ரானில் இப்ராஹிமி பள்ளிவாசலுக்குள் பாரூக் கோல்ட்ஸ்டீன் என்ற குடியேறி, தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த ஏப்ரலில் அஃபூலாவிலும் ஹதேராவிலும், ஒப்பந்தத்தை எதிர்த்த பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸின் தற்கொலைத் தாக்குதல்கள். இரு பக்கமும் ஒப்பந்தத்தை வெறுத்தவர்களுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. அமைதி வேண்டும் என்றவர்கள் வருஷக்கணக்கில் ஒழுங்காக நடந்துகொள்ளவேண்டும். கெடுக்க வேண்டும் என்றவர்களுக்கு ஒரு காலைப்பொழுது போதும். ஐந்து வருஷ இடைக்காலம் என்றால் அவர்களுக்கு ஐந்து வருஷம் முழுக்க வாய்ப்பு.

ராபினின் இரண்டாவது ஆஸ்லோ ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 61க்கு 59 என்று மயிரிழையில் தப்பியது. ஒரு மாதத்தில், 1995 நவம்பர் 4 அன்று, டெல் அவிவில் அமைதிப் பேரணி முடிந்து காருக்குப் போனவரை யிகால் அமிர் என்ற யூத இளைஞன் சுட்டுக் கொன்றான். அப்போதும் கருத்துக்கணிப்புகளில் ராபினுக்குப் பின் பிரதமரான ஷிமோன் பெரஸ்தான் முன்னால் இருந்தார். 1996 ஜனவரியில் ஹமாஸின் குண்டு தயாரிப்பாளர் யஹ்யா அய்யாஷை இஸ்ரேல் செல்போனில் வெடிவைத்துக் கொன்றது. பிப்ரவரி, மார்ச்சில் ஜெருசலேமிலும் டெல் அவிவிலும் பழிக்குப் பழியாகத் தொடர் குண்டுகள். மே மாதத் தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் லிக்குட் கட்சியின் நெதன்யாகு ஜெயித்தார். ஹமாஸுக்கும் இஸ்ரேலிய வலதுசாரிக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது, ஆனால் அந்த வருஷம் ஒன்றின் வேலையை மற்றது செய்து கொடுத்தது.

இப்போது 2000ஆம் வருஷ கேம்ப் டேவிட். "அராஃபத் வேண்டாம்னுட்டார்" என்கிற கதை இங்கிருந்துதான் வருகிறது. எகுத் பராக் பிரதமராகி முதலில் சிரியாவோடு ஒப்பந்தம் போட ஓடினார், அது நடக்கவில்லை. ஜெருசலேமை ஒட்டிய அபு தீஸ் உட்பட மூன்று கிராமங்களைத் தருவதாகச் சொல்லியிருந்தார், தரவில்லை. அந்த மே மாதம் லெபனானிலிருந்து ராணுவத்தைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அங்கே இஸ்ரேலோடு சண்டை போட்டுவந்த ஹிஸ்புல்லா இயக்கம் எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லாமல் துப்பாக்கியாலேயே நிலத்தை மீட்டதாக அறிவித்துக்கொண்டது. ஏழு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த அராஃபத்தை அவருடைய மக்களே எப்படிப் பார்த்திருப்பார்கள்? இந்த நிலைமையில்தான் ஜூலையில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் கேம்ப் டேவிட்டுக்குக் கூப்பிடுகிறார். தயாரிப்பு போதாது, நான் வரவில்லை என்கிறார் அராஃபத். தோற்றால் உங்கள் மேல் பழி போடமாட்டேன் என்று கிளிண்டன் வாக்குக் கொடுத்து வரவழைக்கிறார். (தோற்றது. பழி போட்டார்.) பராக் கிளம்பும் முன்பே அவருடைய கூட்டணி உடைந்து நாடாளுமன்றப் பெரும்பான்மை போய்விட்டது.

இரண்டு வாரத்தில் பராக்கும் அராஃபத்தும் தனியாக உட்கார்ந்து பேசியதே இல்லை என்ற அளவுக்குத்தான் நிலவரம். இஸ்ரேலின் யோசனைகள் எழுத்தில் வரவில்லை, பெரும்பாலும் அமெரிக்கர்கள் வாயால், அமெரிக்க யோசனை என்ற பெயரில் வந்தன. மேற்குக் கரையில் 91 சதவீதம் என்று பரவலாகச் சொல்லப்படுகிற எண் உண்டே, அது கிழக்கு ஜெருசலேமையும் வேறு சில பகுதிகளையும் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு. இன்னொன்றும் உண்டு. மேற்குக் கரையும் காஸாவும் சேர்ந்தாலே பழைய பாலஸ்தீனத்தில் 22 சதவீதம்தான். 1988இல் அல்ஜியர்ஸில் அதை ஏற்றபோதே 78 சதவீதத்தை விட்டுக்கொடுத்துவிட்டோம், இனி அதிலும் பேரமா என்பது பாலஸ்தீனர்கள் மனநிலை. இஸ்ரேலுக்கோ பேரம் அந்த 22இல்தான் ஆரம்பம். கணக்கு எந்த வருஷத்திலிருந்து தொடங்குகிறது என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள் மீதி எவ்வளவு என்பதில் எப்படி ஒத்துப்போவார்கள்.

ஆனால் அராஃபத்தை அப்படியே காப்பாற்றவும் எனக்கு மனம் வரவில்லை. இது போதாது என்றால், சரி, என்ன போதும் என்று அவர் ஒரு வரைபடத்தை மேசை மேல் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஜெருசலேமின் புனித வளாகம் பற்றிப் பேச்சு வந்தபோது யூதக் கோயில் அங்கே இருந்ததே இல்லை என்றார். எதிரில் இருப்பவரின் மதத்தின் மையத்தையே மறுத்துவிட்டு அவரிடம் எதைக் கேட்டு வாங்க முடியும்? கிளிண்டனே கொதித்துப்போனார். பராக்கின் அமைச்சராக அந்தப் பேச்சில் இருந்து, பிறகு வெளியுறவு அமைச்சரான ஷ்லோமோ பென் ஆமி, நான் பாலஸ்தீனனாக இருந்திருந்தால் கேம்ப் டேவிட்டை நிராகரித்திருப்பேன் என்று பின்னாளில் ஒத்துக்கொண்டார். ஆனால் அதே பென் ஆமி, டிசம்பரில் கிளிண்டன் வைத்த அடுத்த யோசனையை அராஃபத் நழுவவிட்டதை மன்னிக்கவில்லை. 94லிருந்து 96 சதவீதம் நிலம், கொஞ்சம் நிலமாற்று, கிழக்கு ஜெருசலேமில் அரபுப் பகுதிகள் பாலஸ்தீனத்துக்கு. உண்மையிலேயே நல்ல யோசனை அது. ஆனால் வந்த நேரத்தைப் பாருங்கள். செப்டம்பர் 28 அன்று லிக்குட் கட்சித் தலைவர் ஏரியல் ஷரோன் அல் அக்ஸா வளாகத்துக்குள் போலீஸ் படையோடு நடந்துபோய், இரண்டாவது இன்டிஃபாதா (பாலஸ்தீன எழுச்சி) வெடித்து, தெருவில் பிணங்கள் விழுந்துகொண்டிருந்தன. கிளிண்டன் பதவியில் இருக்கப்போவது இன்னும் நான்கு வாரம். ஜனவரியில் எகிப்தின் தாபாவில் இரு தரப்பும் முன்னெப்போதையும்விட நெருங்கி வந்தார்கள். பிப்ரவரி 6 தேர்தலில் ஷரோன் ஜெயித்தார், முடிந்தது.

2002 மார்ச் மாதத்து மூன்று நாளை மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விடுகிறேன். 27ஆம் தேதி இரவு நெதன்யா என்ற கடலோர ஊரில், பாஸ்கா பண்டிகை விருந்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே ஹமாஸ் ஆள் வெடித்ததில் 30 பேர் செத்தார்கள். மறுநாள் பெய்ரூட்டில் அரபு லீக் கூடி, 1967 எல்லைக்குத் திரும்பினால் அரபு நாடுகள் எல்லாம் இஸ்ரேலோடு உறவு வைக்கத் தயார் என்று அறிவித்தது. இஸ்ரேல் ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அறிவிப்பு. அந்த மாநாட்டுக்கு, மேற்குக் கரையின் ரமல்லாவில் முடக்கி வைக்கப்பட்டிருந்த அராஃபத்தால் போக முடியவில்லை. மறுநாள் இஸ்ரேலிய டாங்கிகள் ரமல்லாவுக்குள் நுழைந்தன. அந்த அரபு யோசனை இன்றுவரை மேசையில் கிடக்கிறது, ஒரு இஸ்ரேலிய அரசும் அதற்கு முறையாகப் பதில் சொன்னதில்லை.

2005இல் ஷரோன் காஸாவிலிருந்து சுமார் 8,000 குடியேறிகளை வெளியேற்றியதை நம்மில் பலர் பெரிய விட்டுக்கொடுப்பு என்று நினைக்கிறோம். அவருடைய நெருங்கிய ஆலோசகர் டோவ் வைஸ்கிளாஸ் 2004இலேயே ஹாரெட்ஸ் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார்: பாலஸ்தீனர்களோடு அரசியல் பேச்சே நடக்காமல் இருக்கத் தேவையான ஃபார்மால்டிஹைட் (பிணம் கெடாமல் இருக்க ஏற்றுகிற மருந்து) இந்தத் திட்டம் என்று. அராஃபத்துக்குப் பின் பாலஸ்தீனத் தலைவரான அப்பாஸோடு பேசிக் கைமாற்றியிருந்தால் பேசுகிறவனுக்கு ஒரு மரியாதை கிடைத்திருக்கும். பேசாமல் போனதால், எங்கள் துப்பாக்கிக்குப் பயந்து ஓடினார்கள் என்று ஹமாஸ் பெயர் வாங்கியது. 2006 ஜனவரித் தேர்தலில் 132 இடத்தில் 74 ஹமாஸுக்கு. அடுத்த வருஷம் காஸாவை ஆயுதத்தால் பிடித்தார்கள், அதோடு காஸா ஹமாஸிடம், மேற்குக் கரை அப்பாஸிடம் என்று பாலஸ்தீனத் தரப்பு இரண்டாகிவிட்டது.

2008 செப்டம்பர் 16. இஸ்ரேல் பிரதமர் எகுத் ஓல்மர்ட் அப்பாஸுக்கு ஒரு பெரிய வரைபடத்தை விரித்துக் காட்டுகிறார். இஸ்ரேல் எடுத்துக்கொள்வது ஆறு சதவீதத்துக்குச் சற்று மேலே, பதிலுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு வேறு நிலம், அகதிகளில் வருஷம் ஆயிரம் பேர் வீதம் ஐந்து வருஷம். படத்தின் பிரதியைக் கொடுங்கள், என் ஆட்களிடம் காட்டவேண்டும் என்கிறார் அப்பாஸ். முதலில் கையெழுத்துப் போடுங்கள், பிறகு தருகிறேன் என்கிறார் ஓல்மர்ட். அப்பாஸ் வெளியே வந்து நினைவில் இருந்ததை வைத்து ஒரு தாளில் கையால் வரைந்துகொள்கிறார். ஒரு நாட்டின் எல்லையை! ஊழல் வழக்கால் பதவி விலகுவதாக ஓல்மர்ட் ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டது. போகப்போகிற ஆளோடு கையெழுத்துப் போட்டு என்ன ஆகும் என்று அப்பாஸ் நினைத்தார், அப்படி நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு எதிர் யோசனையாவது எழுத்தில் கொடுத்திருக்கலாம். பதிலே போகவில்லை.

அகதிகள் விஷயத்தில்தான் இரண்டு தலைமைகளின் கோழைத்தனமும் சேர்ந்து தெரிகிறது. 1948இல் ஏறக்குறைய 7 லட்சம் பேர் வீடிழந்தார்கள், அவர்களும் வாரிசுகளும் சேர்ந்து இன்று ஐ.நா. பதிவில் 59 லட்சம் அளவில் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் திரும்பி வந்தால் யூதப் பெரும்பான்மை போய்விடும், இஸ்ரேல் இதற்கு ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது. இது பாலஸ்தீனத் தலைவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2011இல் அல் ஜஸீரா வெளியிட்ட ரகசிய ஆவணங்களில் அவர்கள் உள்ளறையில் எவ்வளவு இறங்கிப் பேசியிருக்கிறார்கள் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. லெபனான் முகாமில் பழைய வீட்டுச் சாவியை மாட்டி வைத்திருக்கிற குடும்பத்திடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை. விஷயம் வெளியே வந்ததும் மக்கள் கொந்தளித்தார்கள், தலைமைப் பேச்சாளர் சாயெப் எரெகாத் ராஜினாமா செய்தார். இஸ்ரேலியத் தலைவர்களோ அந்த 7 லட்சம் பேர் வெளியேறியதில் தங்கள் பங்கு என்ன என்பதைச் சொந்த மக்களிடம் பேசவே தயாரில்லை.

2013-14இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி இரு தரப்பையும் பேசவைக்க ஒன்பது மாதம் அலைந்தார். இஸ்ரேல் நான்கு தவணையாகக் கைதிகளை விடவேண்டும், நான்காவது தவணை வரவில்லை. அப்பாஸ் 15 சர்வதேச ஒப்பந்தங்களில் சேர விண்ணப்பம் போட்டார், ஹமாஸோடு சமரசம் அறிவித்தார். இஸ்ரேல் எழுந்து போய்விட்டது. அமெரிக்காவின் நடுநிலை பற்றி நான் தனியாக எதுவும் சொல்லவேண்டியதில்லை, கேம்ப் டேவிட்டில் இருந்த அவர்களுடைய அதிகாரி ஆரன் டேவிட் மில்லரே, நாங்கள் இஸ்ரேலின் வக்கீலாக நடந்துகொண்டோம் என்று 2005இல் எழுதிவிட்டார்.

இதற்குள் இஸ்ரேலில் அமைதி பேசிய கட்சி கரைந்துவிட்டது. 1992இல் 44 இடம் வைத்திருந்த லேபருக்கு 2022இல் 4 இடம். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்று 251 பேரைப் பிடித்துப்போன பிறகு, இஸ்ரேலில் பாலஸ்தீன நாடு என்று பேசினால் பைத்தியக்காரனைப் போலப் பார்க்கிறார்கள். காஸாவில் பல பத்தாயிரம் பேர் செத்து, ஊர் ஊராகத் தரைமட்டமான பிறகு அங்கே யாரிடம் போய் நம்பிக்கை வளர்ப்பு என்று பேசுவது? மேற்குக் கரையில் குடியேறிகள் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். 2025 ஆகஸ்டில், ஜெருசலேமுக்குக் கிழக்கே இ1 என்கிற இடத்தில் சுமார் 3,400 வீடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள்; பாலஸ்தீன நாடு என்ற எண்ணத்தைப் புதைக்கவே இது என்று நிதியமைச்சர் ஸ்மோட்ரிச் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அடுத்த மாதம் வந்த டிரம்ப்பின் 20 அம்சத் திட்டத்தில் பாலஸ்தீன நாடு பத்தொன்பதாவது அம்சமாக வருகிறது: காஸா சீரமைப்பு முன்னேறி, பாலஸ்தீன நிர்வாகமும் ஒழுங்காகச் சீர்திருந்தினால், அதற்கான சூழல் உருவாகலாமாம். தேதி இல்லை, வரைபடமும் இல்லை.

அடுத்து யாராவது பேச்சுவார்த்தை என்று அறிவித்தால் நான் மூன்று விஷயத்தைத்தான் தேடிப் பார்ப்பேன். முதல் நாளிலிருந்து கட்டுமானம் நிற்கிறதா? தேதி தவறினால் தவறியவருக்கு என்ன நஷ்டம்? பாலஸ்தீனத் தரப்பில் கையெழுத்துப் போடுகிறவரை யார் தேர்ந்தெடுத்தது? அப்பாஸ் நான்கு வருஷப் பதவிக்கு 2005இல் தேர்வானவர், இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார். 2021இல் அறிவித்த தேர்தலையும் தள்ளிப்போட்டுவிட்டார். கருத்துக்கணிப்புகளில் அவரைச் சுலபமாகத் தோற்கடிக்கிற மர்வான் பர்கூத்தி, ஐந்து கொலைகளுக்கு ஐந்து ஆயுள் தண்டனை பெற்று 2002லிருந்து இஸ்ரேல் சிறையில் இருக்கிறார். ஹமாஸையும் அப்பாஸின் ஃபத்தா கட்சியையும் சேர்த்து ஒரு ஒப்பந்தத்துக்குக் கொண்டுவரக்கூடியவர் என்று பலரும் சொல்வது இவரைத்தான். 2025 அக்டோபரில் பணயக்கைதிகளுக்குப் பதிலாகப் பாலஸ்தீனக் கைதிகள் ஏறக்குறைய 2,000 பேர் வெளியே வந்தார்கள். பர்கூத்தியை விட இஸ்ரேல் மறுத்துவிட்டது.